பல் நிற அடைப்புகள்: எது நிற்கும், எது நிறம் மாறும்?

சொத்தைப் பல்லை அடைக்கப் போனால் நம் ஊரில் அதிகம் காதில் விழும் பெயர் "லேசர் ஃபில்லிங்". அதில் லேசர் எதுவும் கிடையாது. நீல நிற எல்.இ.டி. ஒளி பட்டுக் கெட்டியாகும் ரெசினும் (ஒரு வகைப் பிளாஸ்டிக் பிசின்) கண்ணாடித் துகளும் கலந்த பசை அது. உண்மைப் பெயர் கம்போசிட். அதே கிளினிக்கில் "சிமென்ட் ஃபில்லிங்" என்று சொல்வது கிளாஸ் அயனோமர், சுருக்கமாக ஜி.ஐ.சி. இரண்டும் வெள்ளைதான். போட்ட அன்று கண்ணாடியில் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் போனால் கேட்காமலே தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கிளினிக்குகளில் அதிகம் புழங்கும் சில சரக்குகளை இங்கே எடைபோடுகிறோம்: ஃபில்டெக் இசட் 350 எக்ஸ்டி, டெட்ரிக் என்-செராம், அதன் பல்க் ஃபில், ஜிசி ஃபியூஜி 9, ஃபியூஜி 2 எல்.சி., சென்ஷன் என். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல கம்பெனி கம்போசிட்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசம், ஒரே கம்போசிட்டை ஒருவர் பொறுமையாகப் போடுவதற்கும் இன்னொருவர் அவசரமாகப் போடுவதற்கும் இருக்கும் வித்தியாசத்தைவிடச் சின்னது. அதனால் "எந்த பிராண்டு போடுறீங்க, டாக்டர்?" என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"அடைப்பு பழுப்பாகிவிட்டது" என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வேறு சங்கதிகள் இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று, பல்லைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அடைப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு ஓடினால் அது விளிம்புக் கறை. முன்பல் அடைப்புகளில் அடிக்கடி வரும் புகார் இதுதான். கம்போசிட் கெட்டியாகும்போது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. சுருங்கும் பசை பல்லை விட்டு விலகப் பார்க்கும், பாண்ட், அதாவது பல்லில் முதலில் பூசும் ஒட்டுத் திரவம், அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிடி தளர்ந்த இடத்தில் முடியளவு இடுக்கு விழுகிறது. காபியும் குழம்பும் அங்கே போய்த் தங்குகின்றன.

பிடி ஏன் தளர்கிறது? பல்லின் வெளி ஓடான எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி நிற்க வேண்டும். அதைக் கழுவி உலர்த்தினால் எனாமல் சாக்பீஸ் போல மங்கலான வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை வந்த பிறகு ஒரு துளி எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டுவிட்டால் எல்லாம் வீண். திரும்பக் கழுவி, திரும்ப அமிலம் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்; பஞ்சால் துடைத்துவிட்டு மேலே போனால் ஆறே மாதத்தில் கோடு தெரியும். இப்போது வரும் யுனிவர்சல் பாண்டுகளை அமிலம் இல்லாமலும் பூசலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினுக்கு அது சரி. எனாமல் ஓரத்துக்கு மட்டுமாவது தனியாக அமிலம் வைத்த அடைப்புகளில் விளிம்புக் கறை குறைவு. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

விளிம்புக் கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, இது அவ்வளவு மோசமில்லை. அமிலம் வைத்த எல்லையையும் தாண்டி கம்போசிட் மெல்லிய தோலாக வழிந்து கிடக்கும். அடியில் பிடிமானம் இல்லாததால் சில மாதத்தில் அந்தத் தோல் லேசாக எழும்பி, அதன் கீழே கறை இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும்; பாலிஷ் டிஸ்க் கொண்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஓரத்தில் கோடு தெரிந்தாலே "உள்ளே சொத்தை, முழுசா தோண்டணும்" என்று சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கறை வேறு, சொத்தை வேறு. ஓரம் மெத்தென்று இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, எக்ஸ்-ரேயில் அடைப்புக்குக் கீழே கருநிழல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

அடைப்பின் மேற்பரப்பு முழுக்க மங்கி, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது பாலிஷ் விவகாரம். 0.2 மைக்ரானைவிடச் சொரசொரப்பான பரப்பில் பல் அழுக்கு அதிகம் ஒட்டும் என்பது இந்தத் துறையில் பழகிப்போன கணக்கு. செல்லுலாய்டு பட்டையை அழுத்தி ஒளி காட்டினால் கண்ணாடி போல வழவழப்பான பரப்பு வரும். ஆனால் அந்த மேல்தோலில் துகள் குறைவு, ரெசின் அதிகம். அதைச் சீவாமல் விட்டால் அதுதான் முதலில் மஞ்சளாகும். பட்டை வைக்காத இடத்திலோ, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மேல்படலத்தைக் கெட்டியாக விடாமல் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். கடைசி அடுக்கின்மேல் கிளிசரின் ஜெல் தடவி இன்னொரு தடவை ஒளி காட்டுவது இதற்காகத்தான். கிளிசரினுக்கு ஆகும் செலவு சில ரூபாய்.

மூன்றாவது, அடைப்பு முழுவதும் உள்ளிருந்தே மஞ்சளாவது. இதற்குக் காரணம் ரசாயனம். கம்போசிட்டில் ஒளியை வாங்கி வினையைத் தொடங்கும் பொருள் கேம்ஃபர்குயினோன். 468 நானோமீட்டர் அருகில் உள்ள நீல ஒளியை அதிகம் ஈர்க்கும். அதுவே மஞ்சள் நிறம் கொண்டது. ஒளி பட்டு வினை முடிந்தால் அந்த மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். ஒளி போதாமல் போனால் மிச்சம் உள்ளேயே தங்கும். அதன் துணைக்குச் சேர்க்கும் அமீன் சேர்மமும் காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும். போதாக்குறைக்கு, அரைவேக்காட்டு ரெசின் தண்ணீரை அதிகம் குடிக்கும். தண்ணீரோடு சாயமும் உள்ளே போகும். இந்த மாதிரி மஞ்சளை எவ்வளவு பாலிஷ் போட்டாலும் எடுக்க முடியாது.

நான்காவதை அடைப்பின் தலையில் கட்டவே கூடாது. பழைய வெள்ளி அடைப்பு இருந்த பல்லில் டென்டினே கறுத்திருக்கும்; மேலே போட்ட கம்போசிட் வழியாக அந்தச் சாம்பல் நிறம் தெரியும். வேர் சிகிச்சை செய்த பல் தானாகவே கருமையாகலாம். அந்தச் சிகிச்சையில் உள்ளே வைத்த எம்.டி.ஏ. வகைச் சிமென்டில் பிஸ்மத் ஆக்சைடு இருந்தால் பல் சாம்பலாகும். ஈறு ரத்தத்தை நிறுத்த ஃபெரிக் சல்பேட் வைத்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் போனால், அடைப்பின் ஓரத்தில் இரும்புக் கறை கறுப்பாக நிற்கும். முன்பல்லில் ரத்தம் நிறுத்த அலுமினியம் குளோரைடு ஜெல் இருக்கும்போது இந்தக் கறையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இருபது விநாடி

அடைப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த நீல விளக்கு. சாதாரண கம்போசிட்டை 2 மி.மீ.க்கு மேல் ஒரே அடுக்காக வைக்கக் கூடாது. டென்டின் ஷேடு (ஷேடு என்றால் நிறச் சாயல்) போன்ற ஒளி ஊடுருவாத வகைகளுக்கு 1.5 மி.மீ. தான் கணக்கு, ஒளி நேரமும் அதற்கேற்ப அதிகம். வெளிர் ஏ1 ஷேடுக்குப் போதும் ஒளி அடர் ஏ4 ஷேடுக்குப் போதாது. சதுர செ.மீ.க்கு 800 மில்லிவாட் தரும் விளக்கில் 20 விநாடி என்றால் 16 ஜூல்; 2 மி.மீ. அடுக்குக்கு ஏறக்குறைய அந்த அளவு வேண்டும்.

காகிதத்தில் இது எளிது. கடைவாய்ப்பல்லின் பக்கவாட்டுச் சொத்தையில் பெட்டி போல வெட்டிய குழியின் அடித்தளம் பல்லின் உச்சியிலிருந்து 6 அல்லது 7 மி.மீ. கீழே இருக்கும். விளக்கின் முனை உச்சிக்கு மேலேதான் நிற்க முடியும். வாய் முழுசாகத் திறக்காதவருக்கு அது சாய்ந்தும் நிற்கும். அந்த ஆழத்துக்குப் போய்ச் சேரும் ஒளி, முனையில் அளந்த ஒளியில் பாதியாகக்கூடக் குறையலாம். ஆனால் எல்லா அடுக்குக்கும் ஒரே பீப் சத்தம்தான். எனவே அடியில் இருக்கும் முதல் அடுக்கு, அதாவது ஈறு பக்கம் சொத்தை திரும்ப வர அதிக வாய்ப்புள்ள அதே இடம், வேகாமலே நின்றுவிடுகிறது. முதல் அடுக்குக்கு நேரத்தை இரட்டிப்பாக்குவதும், குழிக்குப் பக்கச் சுவராகக் கட்டிய மேட்ரிக்ஸ் பட்டையைக் கழற்றியபின் கன்னப் பக்கத்திலிருந்தும் நாக்குப் பக்கத்திலிருந்தும் இன்னொரு சுற்று காட்டுவதும் இதற்கு மருந்து.

ஒளி கண்ணைக் கூசும் என்பதால் பிடிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகம் திரும்பினால் கையும் நகரும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டே பிடிக்கும் கிளினிக் என்றால் அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். முனையில் பழைய கம்போசிட் காய்ந்து ஒட்டியிருந்தாலும், தொற்றுக்காகப் போடும் பிளாஸ்டிக் உறை கசங்கியிருந்தாலும் ஒளி குறையும். பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டும் பழைய விளக்கும் பாதி ஒளிதான் தரக்கூடும். ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் இல்லாத இடத்தில் ஒரு சின்னச் சோதனை போதும்: 2 மி.மீ. தடிமனுள்ள வாஷர் ஓட்டைக்குள் கம்போசிட்டை அழுத்தி, மேலே மட்டும் 20 விநாடி ஒளி காட்டி, திருப்பிப் போட்டு அடியை கருவி முனையால் கீறிப் பாருங்கள். சீவல் எழும்பினால் அந்த விளக்கை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு கெட்ட பழக்கம்: கம்போசிட் கருவியில் ஒட்டுகிறது என்று கருவியை பாண்டிலோ ஸ்பிரிட்டிலோ தொட்டுத் தொட்டு அடுக்குவது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் துகளில்லாத ரெசின் படலம் உண்டாகிறது. அது பின்னாளில் அடைப்புக்குள்ளேயே மஞ்சள் ரேகையாகத் தெரியும். ஒட்டினால் உலர்ந்த காஸ் துணியில் துடைத்தால் போதும்.

சரக்குகள்

ஃபில்டெக் இசட் 350 எக்ஸ்டி. 3எம் கம்பெனியிலிருந்து பிரிந்த சோல்வென்டம் இப்போது விற்கிறது. எடையில் 78.5 சதவீதம் துகள். 20 நானோமீட்டர் சிலிகாவும் 4 முதல் 11 நானோமீட்டர் சிர்கோனியாவும் தனித்தும் கொத்தாகவும் இருக்கும். இந்தக் கொத்துதான் விஷயம். பெரிய கண்ணாடித் துகள் உள்ள கம்போசிட்டில் தேய்மானம் என்றால் துகள் முழுசாகப் பெயர்ந்து விழும், குழி மிஞ்சும், மினுமினுப்பு போகும். இதில் கொத்தின் ஓரம் நானோ அளவில் உதிர்கிறது, அதனால் பாலிஷ் வருடக்கணக்கில் நிற்கிறது. முன்பல்லுக்கு இதைவிட நம்பகமான சரக்கைத் தேடி அலைய வேண்டாம். குறை என்றால் விலை. அப்புறம், 36 ஷேடு, நாலு வகை ஒளிபுகாமை என்று வரும் பெரிய பட்டியல். பெரும்பாலான பற்களுக்கு பாடி ஷேடு ஒன்றே போதும். உடைந்த முன்பல்லில் டென்டின், எனாமல் என்று அடுக்கத் தெரியாமல் அடுக்கினால் பல் சாம்பலாகவோ சாக்பீஸாகவோ தெரியும்.

டெட்ரிக் என்-செராம், ஐவோக்ளார் தயாரிப்பு. கையில் பிசையப் பிசைய வசமாக வரும், கருவியில் அவ்வளவாக ஒட்டாது. வேலை சுத்தமாக வருவதற்கு அதுவே ஒரு காரணம். பாலிஷ் நன்றாக ஏறும், ஆனால் தக்கவைப்பதில் இசட் 350க்கு ஒரு படி கீழே வைப்பேன். கடைவாய்ப்பல்லில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதன் பல்க் ஃபில் வகையை 4 மி.மீ. ஒரே அடுக்காக வைக்கலாம். கேம்ஃபர்குயினோனுடன் ஐவோசெரின் என்ற கூடுதல் தூண்டியும் இருப்பதால் ஆழத்தில் வேகும். சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் அல்லது அதற்கு மேல் தரும் விளக்கில் 10 விநாடி என்பது கம்பெனி கணக்கு. மேலே சொன்ன பழைய விளக்கோடு அந்த 10 விநாடியைச் சேர்த்தால் வரும் விளைவை யோசித்துக்கொள்ளுங்கள். ஐவிஏ, ஐவிபி, ஐவிடபிள்யூ என்று மூன்றே ஷேடு. முன்பல்லுக்கு நினைத்தே பார்க்கக் கூடாது.

ஃப்ளோவபிள் எனப்படும் ஒழுகும் கம்போசிட்டுகளில் துகள் குறைவு, ரெசின் அதிகம். ஆழக் குழியின் அடியில் மெல்லிய பூச்சாக வைக்க நல்லது. கடிக்கும் பரப்பை அதைக்கொண்டே நிரப்பிவிட்டால் தேயும், கறையும் பிடிக்கும். இந்த வகையில் எஸ்.டி.ஆர். என்ற சரக்கு முதலில் வந்தபோதே மேலே 2 மி.மீ. சாதாரண கம்போசிட் மூட வேண்டும் என்றுதான் வந்தது. அந்த மூடியைப் போடாமல் விடுவது கம்பெனியின் தவறில்லை.

ஜிசி ஃபியூஜி 9, தூளும் திரவமும் கலக்கும் ஜி.ஐ.சி. பல்லோடு ரசாயனமாகவே ஒட்டும், பாண்ட் வேண்டாம். ஃபுளோரைடு கசியும், முதல் சில நாட்களில் அதிகம், பிறகு குறையும். பால் பற்கள், வேர்ப்பகுதிச் சொத்தை, வாயை உலர வைக்கவே முடியாத முதியவர்கள், மின்சாரம் இல்லாத முகாம்: இங்கெல்லாம் இதற்கு மாற்று குறைவு. ஆனால் பெரியவர்களின் கடைவாய்ப்பல்லில் இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் பெரிய குழியில் வைத்தால் உடையும். நிறமும் மங்கலான வெள்ளை. எனாமலின் ஒளி ஊடுருவும் தன்மை கிடையாது.

இதில் கெட்டுப்போவது எல்லாம் கலக்கும் மேசையில்தான். எடையில் தூள் 3.6, திரவம் 1. கரண்டியைக் குப்பியின் விளிம்பில் மட்டமாக வழித்து ஒரு கரண்டி, ஒரு சொட்டு. திரவக் குப்பியைச் சாய்த்துச் சொட்டவிட்டால் காற்றுக் குமிழி நுழைந்து சொட்டு சிறுத்துப்போகும்; முதலில் படுக்கவைத்து, பிறகு செங்குத்தாகக் கவிழ்த்துப் பிழிய வேண்டும். தூளைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதியைப் 10 விநாடி, மீதியைச் சேர்த்து இன்னொரு 15, 20 விநாடி. அரை நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். கலவை வெண்ணெய்ப் பிசுக்காக, ஈர மினுமினுப்போடு இருக்கும்போது குழிக்குள் போக வேண்டும். மினுமினுப்பு போய் மங்கலாகி, கருவியை இழுத்தால் நூலாக வராமல் அறுந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பல்லோடு வினைபுரிய வேண்டிய அமிலம் அதற்குள் தூளோடு செலவாகியிருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், இந்த நேரம் இன்னும் சுருங்கும். சீக்கிரம் இறுகுகிறதே என்று தூளைக் குறைத்துத் தளர்வாகக் கலக்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. போடச் சுலபம். ஆனால் பலவீனமாகும், வாயில் கரையும், ஓரம் தேய்ந்து கறை பிடிக்கும்.

வைத்தபின் உடனே எச்சில் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பாகும். காற்றில் காயவிட்டால் மயிரிழை வெடிப்பு விழும், காபிக் கறை அந்த வெடிப்புகளில்தான் கோலம் போடும். இரண்டையும் தடுக்க வார்னிஷ், ரெசின் கோட், எதுவும் இல்லையென்றால் பெட்ரோலியம் ஜெல்லியாவது மேலே பூச வேண்டும். மெருகேற்றும் வேலையை அடுத்த நாளுக்கு ஒத்திவைப்பது உத்தமம்.

ஃபியூஜி 2 எல்.சி. ரெசினும் சேர்த்த ஜி.ஐ.சி. ஒளியில் 20 விநாடியில் இறுகும், அடுக்கு 1.8 மி.மீ. வரை. அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறோரம் பள்ளம் விழுந்த பற்களில் பிடித்து நிற்பதில் கெட்டிக்காரன். நிறத்தில் மட்டும் நம்பாதீர்கள். இதில் உள்ள ஹீமா என்ற ரெசின் தண்ணீரை விரும்பி இழுக்கும். அதனால் கம்போசிட்டைவிடச் சீக்கிரம் மங்கி மஞ்சளாகும். சிரித்தால் தெரியும் கோரைப்பல்லில் ஒரு வழி உண்டு: அடியில் இதை வைத்து, மேலே மெல்லிய கம்போசிட் போர்வை. இரண்டின் நல்லதும் கிடைக்கும், கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆகும்.

சென்ஷன் என், இதுவும் ஐவோக்ளார். தூள், திரவம், ஆனால் ரெசின் சார்ந்தது. எடையில் 4.6க்கு 1, அதாவது ஒரு கரண்டிக்கு ஒரு சொட்டு. தானாகவே இறுகும், வேண்டுமானால் ஒளியும் காட்டலாம். ஆழத்தில் ஒளி போகாத பிரச்சினை இதில் இல்லை. கடைவாய்ப்பல்லில் வெள்ளி அடைப்பு இருந்த இடத்துக்குப் பொருந்தும். ஜி.ஐ.சி.யைவிட நிச்சயம் வலு. ஏ2 என்ற ஒரே ஷேடுதான். கையால் கலப்பதால் நுண்குமிழிகள் தங்கும், பாலிஷ் சிரிஞ்சில் வரும் கம்போசிட் அளவுக்கு வராது. கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்!

டொகுயாமாவின் ஆம்னிகுரோமா பற்றியும் கேட்கிறார்கள். ஒரே ஷேடு, 260 நானோமீட்டர் உருண்டைத் துகள்கள் சுற்றியுள்ள பல்லின் நிறத்தை எதிரொலிக்கும். நான்கு பக்கமும் பல் சூழ்ந்த குழியில் அசத்தும். முன்பல்லில் பின்பக்கம் சுவரே இல்லாத குழியில் வாயின் இருட்டை எதிரொலித்துச் சாம்பலாகும். அங்கே பின்னால் தடுப்புப் பூச்சு கட்டாயம்.

எத்தனை வருடம்?

2014-இல் ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச் இதழில் வந்த தொகுப்பாய்வு 2,816 கடைவாய்ப்பல் கம்போசிட்டுகளைக் கணக்கில் எடுத்தது. பத்து வருட அளவில் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 சதவீதம் தோற்றன. அந்தக் கணக்கில் போனால் நூறில் 78 வாக்கில் பத்தாம் வருடமும் நிற்கும். சொத்தை அதிகம் வரும் வாய் என்றால் ஆண்டுக்கு 4.6, குறைவாக வரும் வாய் என்றால் 1.6. அதாவது ஒரே அடைப்பு ஒருவர் வாயில் நூறில் 62, இன்னொருவர் வாயில் 85. பிராண்டைக் கேட்கும்முன் ஒருநாளைக்கு எத்தனை தடவை சர்க்கரை உள்ளே போகிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான். அடைப்பு எத்தனை பக்கங்களில் விரிகிறதோ அதற்கேற்பத் தோல்வியும் கூடும். பாதாம் பருப்பைப் பல்லால் உடைப்பவருக்கும் இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும் தனிக் கணக்கு.

ஆய்வகத்தில் காபிக்குள் ஊறவைத்து எடுத்த எண்களைக் கம்பெனித் தாள்களில் பார்ப்பீர்கள். நிற வித்தியாசம் 1.2 அலகைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியும், 2.7ஐத் தாண்டினால் உறுத்தும் என்பது பல் துறையில் வைத்திருக்கும் எல்லை. அங்கே ஊறவைத்த கம்போசிட் வில்லைக்கு எச்சிலும் இல்லை, பிரஷும் இல்லை. சரக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும், உங்கள் வாயில் எத்தனை வருடம் என்பதற்கு உதவாது.

காபி, மஞ்சள், வெற்றிலை

தேநீரைவிட ஃபில்டர் காபிதான் எதிரி. 1991-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது: டீயின் சாயம் பெரும்பாலும் மேற்பரப்பில் படியும், தேய்த்தால் போகும், காபியின் மஞ்சள் சாயம் படிவதோடு ரெசினுக்குள்ளேயும் ஊடுருவும். மஞ்சள்தூளும் கம்போசிட்டில் நன்றாக ஏறும், அடைப்பு புதிதாக இருக்கும்போது அதிகம். ஒளி நிறுத்தியபின்னும் கம்போசிட்டுக்குள் வினை ஒரு நாள் வரை மெல்ல நடந்துகொண்டிருப்பதால், முதல் நாள் மட்டும் காபி, சாம்பார் வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வாரம் பத்தியம் தேவையில்லை.

வெற்றிலை பாக்கு போடுபவர் வாயில் பாக்குத் தூள் பாலிஷைத் தேய்க்கும், காசுக்கட்டி சாயம் ஏற்றும். அவர்களுக்கு விலை உயர்ந்த ஷேடு அடுக்குகளை விற்பது அநியாயம்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் கறை வரும். ஈறு சிகிச்சைக்குப் பின் தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி டீ, காபியோடு சேர்ந்து இரண்டு வாரத்தில் பழுப்பு ஏற்றும். பெரும்பாலும் மேற்பரப்புக் கறை என்பதால் சுத்தம் செய்தால் போகும். இரும்புச் சத்து டானிக்கை ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம். கரித்தூள் பேஸ்ட் பல்லை வெளுக்கிறதோ இல்லையோ, அடைப்பின் ஓர இடுக்கில் கரியை அடைத்துவிடும். உப்பு, செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி எல்லாமே பாலிஷுக்கு உப்புத்தாள். பல் வெளுக்கும் சிகிச்சையில் பல் வெளுக்கும், அடைப்பு வெளுக்காது. அதனால் முதலில் வெளுத்து, இரண்டு வாரம் பொறுத்து, புது நிறத்துக்கு அடைப்பை மாற்ற வேண்டும். உடனே மாற்றினால் பல்லில் மிஞ்சிய ஆக்சிஜன் பாண்டைக் கெடுக்கும்.

கிளாஸ் அயனோமர் வைத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல் கிளினிக்கில் வைக்கும் அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் அதன் மேற்பரப்பை அரிக்கும். நடுநிலை சோடியம் ஃபுளோரைடு ஜெல் கேளுங்கள்.

ஷேடு

நிறம் மாறியது என்று வருபவர்களில் சிலருக்கு முதல் நாளிலிருந்தே நிறம் பொருந்தியிருக்காது. பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும். வாயைத் திறந்து பத்து நிமிடம் உலர்த்தியபின் ஷேடு பார்த்தால் ஒரு படி வெள்ளையாகத்தான் தேர்வு செய்வார்கள். மறுநாள் பல் ஈரமாகிப் பழைய நிறத்துக்கு வரும்போது அடைப்பு மட்டும் திட்டாக நிற்கும். ஷேடு பார்ப்பது முதல் வேலை, ஊசிக்கும் முன்னால், லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில். அமிலமும் பாண்டும் இல்லாமல் பல்லின்மேல் சின்ன உருண்டை வைத்து ஒளி காட்டிப் பார்ப்பது பிளாஸ்டிக் ஷேடு பட்டையைவிட நம்பகம், ஏனென்றால் வேகும்போது கம்போசிட்டின் நிறமும் மாறும். முடித்தவுடன் அடைப்பு பல்லைவிடச் சற்றே கருமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

மாற்றுவதா, மெருகா?

ஒவ்வொரு முறை அடைப்பைத் தோண்டி எடுக்கும்போதும் நல்ல பல்லும் சேர்ந்து போகும். நிறமும் பல் நிறமே என்பதால் எல்லை தெரியாமல் இன்னும் கொஞ்சம் கூடவே போகும். எனவே மங்கலுக்கு முதல் மருந்து பாலிஷ்: சொரசொரப்பிலிருந்து மிக மென்மை வரை நான்கு படி அலுமினியம் ஆக்சைடு டிஸ்க்குகள், ஒவ்வொரு படிக்கும் நடுவில் தண்ணீர் அடித்து முந்தைய துகளைக் கழுவி. நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் கடைசி டிஸ்க்கில் போகாது, அதில்தான் அடுத்த காபி தங்கும். ஓரத்தில் இடுக்கு இருந்தால் அந்த இடத்தை மட்டும் திறந்து, பழைய கம்போசிட்டை 50 மைக்ரான் அலுமினாத் தூள் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, சைலேன் என்ற இணைப்புத் திரவமும் பாண்டும் பூசி ஒட்டுப்போடலாம். உள்ளேயே மஞ்சளான முன்பல் அடைப்புக்கு மேல்தோல் ஒரு மி.மீ. சீவிப் புது அடுக்கு. முழுசாகத் தோண்டுவது அடியில் சொத்தை உறுதியானால், அடைப்பு பிளந்தால், அல்லது அசைந்தால்.

ஒட்டுப்போட வரும்போது பழைய சரக்கு எது, எந்த ஷேடு என்று தெரிந்தால் வேலை பாதியாகும். பில்லில் "ஃபில்லிங் – 1" என்று மட்டும் எழுதியிருந்தால், பல்லின் எண், சரக்கின் பெயர், ஷேடு, தேதி நான்கையும் அதே சீட்டின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.